சனிக்கிழமைப் பதிவேட்டில் ஒரு சொல்

பாடத்தையும் பட்டறையையும் பகையின்றிப் பிணைத்த பெருந்தகையீர், கரும்பலகைக்கும் கரிபடிந்த கைக்கும் உறவு கண்ட காரைக்கால் கண்மணியே, பதின்மூன்று ஆண்டுப் பணிக்குப் பின்னும் கல்லூரித் தாளில் தட்டச்சர் என்றே குறிக்கப்பட்ட எங்கள் மாதலேன் அம்மையீர், வணக்கம்.

இதற்கு மேல் உங்கள் முகத்தைப் பார்த்துப் பேசினால் பாதியிலேயே கையமர்த்திவிடுவீர்கள். ஆகவே சபையைப் பார்த்து, 'அவர்' என்றே சொல்லிக்கொண்டு போகிறோம். சற்று முன் இயக்குநர் பிரெஞ்சில் வாசித்த பாராட்டில் அம்மையாரின் விரல் வேகம் இருந்தது, விடுப்பெடுக்காத குணம் இருந்தது. அவர் செய்த வேலையைக் காணோம். அதனால்தான் இந்த மடல். இது தமிழில் இருப்பதற்குக் காரணம், இயக்குநருக்குத் தமிழ் தெரியாது.

அறுபத்திரண்டில் இந்தச் சைகோன் தொழிற்கல்லூரியில் பட்டம் பெற்ற மாணவர்களுக்குத் தறி இயந்திரத்தைப் படம் வரையத் தெரிந்தது, அறுந்த இழையை முடியத் தெரியவில்லை. பேராசிரியர்கள் குழு கூடிக் கூடிக் கலைந்தது. அந்தக் குழுவின் குறிப்புகளைத் தட்டச்சு செய்துகொண்டிருந்த அம்மையார்தான் பஸ் ஏறி, பின்-யுவோங் சாலையிலிருந்த நெசவாலைக்குப் போனார். பதினொரு வாரம் போனார். புதிதாக வருகிறவனை எந்த வேலையில் கைவைக்க விடமாட்டீர்கள் என்று மேஸ்திரிகளிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக் கேட்டு, கிடைத்த பதில்களை வைத்தே பாடத்திட்டம் வகுத்தார். ஆறு மாதம் வகுப்பு, ஆறு மாதம் ஆலை. ஆலை மாதங்களில் சனிக்கிழமைதோறும் ஓர் ஆசிரியர் அங்கேயே போய்ச் சோதித்துவர, கல்லூரிப் பதிவேட்டில் வருகை குறிக்கப்படும். அந்த ஆறு மாதத்துக்குப் பெயர் ஸ்தாஜ். பிரெஞ்சில் பணியிடப் பயிற்சி.

திட்டத்தின் அட்டையில் இயக்குநர் பெயர் கொட்டை எழுத்தில் ஏறியது. அம்மையார் பெயர் கடைசிப் பக்கத்தில், 'தட்டச்சு' என்பதற்கு எதிரே, வெறும் முதலெழுத்துகளாகக் கிடந்தது. எங்களுக்கு வயிறு எரிந்தது. அவரோ, "பேரு கெடக்குது, புள்ளைங்களுக்கு வேல வந்தா போதும்" என்று சொல்லிவிட்டு அடுத்த தாளைத் தட்டச்சுப்பொறியில் செருகினார்.

போர் நகருக்குள்ளேயே புகுந்த அறுபத்தெட்டில், மாணவன் என்ற சான்று இருந்தால்தான் படையிலிருந்து விலக்கு. அந்த நேரம் பார்த்து, இயந்திரங்கள் கொடுத்த வெளிநாட்டு உதவி அலுவலகம் திட்டத்தை ஆங்கிலத்தில் கேட்டது. மொழிபெயர்த்தவர் எங்கள் நூலகர் ஆதப்பன். பிரெஞ்சில் ஸ்தாஜ் என்று எழுதுகிற அதே எழுத்துகளை ஆங்கிலத்தில் ஸ்டேஜ் என்று படிப்பார்கள். நாடக மேடை என்று பொருள். ஆதப்பன் அந்தச் சொல்லைத் தொடாமல் அப்படியே விட்டுவிட்டார். 'ஆறு மாதம் கலைநிகழ்ச்சி. படிப்பில் சேராது' என்று அங்கே எவரோ ஓரத்தில் எழுதினார். இயக்குநர் படித்துப் பார்க்காமலே கையெழுத்திட்டார். பிரதி படைத்துறைக்குப் போனது. அப்போது ஆலையிலிருந்த நாற்பத்தொரு பேரும் ஒரே நாளில் மாணவர் அல்லாதவர் ஆனார்கள்.

அம்மையார் இயக்குநர் அறைக்குப் போய், போன வேகத்தில் திரும்பி வந்தார். "நாளைக்குப் பாக்கலாமாம். நாளைக்குள்ள பட்டாளத்து லாரி வந்துடாதா?" என்றார். அவர் குரல் உயர்ந்து நாங்கள் கேட்டது அந்த ஒரு நாள்தான்.

ஆதப்பன் எழுந்து நின்று, "மதாம், அந்தச் சொல்லை விட்டவன் நான்தான்" என்றார்.

"ஆமா, நீங்கதான். நின்னு அழுவாதீங்க. இங்கிலீசுல சரியா எழுதிக் குடுங்க, பஸ்ஸு போயிடும்."

ஒன்பது நாள், சனிக்கிழமைப் பதிவேடுகளை மடியில் வைத்துக்கொண்டு, விலக்கு அலுவலகத்தின் பெஞ்சில் உட்கார்ந்தார். முப்பத்தொன்பது பேர் மீண்டார்கள். குவாங், லோக் என்ற இருவரை அதற்கு முன்பே லாரியில் ஏற்றிவிட்டார்கள். பிறகு லோக்கிடமிருந்து இரண்டு கடிதம் வந்தது. குவாங்கிடமிருந்து ஒன்றும் இல்லை.

மூன்று மாதம் வருகை இல்லையென்றால் பெயரை அடித்துவிட வேண்டும் என்பது கல்லூரி விதி. அடித்த பெயருக்கு மறுபடி இடம் கிடையாது. உயிரோடு திரும்பினாலும் அவன் மாணவன் இல்லை. அம்மையார் அடிக்கவில்லை. வாராவாரம் அந்த இருவருக்கும் எதிரே 'ஸ்தாஜ்' என்று எழுதினார். ஏறக்குறைய மூன்று ஆண்டு எழுதினார். இந்த ஆண்டு அதை ஓர் ஆய்வாளர் கண்டுபிடித்தார். பொய்ப் பதிவாம். எல்லாவற்றுக்கும் மூலமான அந்த மொழிபெயர்ப்பைச் செய்தது யார் என்றும் விசாரணையில் கேட்டார்கள். அம்மையார் தெரியாது என்று சொல்லிவிட்டு வந்தார்.

படிக்காமல் கையெழுத்திட்டு இரண்டு பேரை லாரியில் ஏற்றியவருக்குச் சென்ற மாதம் பதக்கம். அவர்களுக்கு இடம் பிடித்து வைத்தவருக்கு, உரிய காலத்துக்கு இரண்டு ஆண்டு முன்பே ஓய்வு, ஒரு மாலை, ஒரு கோப்பைத் தேநீர். இதை விழா என்று அழைக்க எங்களுக்கு நா கூசுகிறது.

அம்மையீர், இனி உங்களிடமே சொல்லலாம். பதிவேட்டுப் பொறுப்பு ஆதப்பனுக்கு வந்திருக்கிறது. அந்த இரண்டு பெயர்களையும் அடித்துவிடச் சொல்லும் ஆணையும் கூடவே வந்திருக்கிறது. நாளை சனிக்கிழமை. அவர் அடிக்கப்போவதில்லை, உங்கள் சொல்லையே எழுதுவார். அவரையும் வீட்டுக்கு அனுப்பினால் எங்களில் சலாஹுதீன் எழுதுவார், அவருக்குப் பின் ஏவ்லின் எழுதுவார். குவாங்கும் லோக்கும் வந்து தங்கள் வரியில் தாங்களே கையெழுத்துப் போடுவதை நீங்கள் நேரில் பார்க்க வேண்டும். அதற்கு எத்தனை ஆண்டு ஆகுமோ, அத்தனை ஆண்டும் நோயின்றி நொடியின்றி நீங்கள் வாழ வேண்டும்.

சைகோன், 1971

இவண்,
ஏவ்லின்
சலாஹுதீன்
ஆதப்பன் (அந்தச் சொல்லைத் தவறவிட்டவன்)