ஏழாவது மாடி தெரியும் பச்சை நாற்காலி

என் பெயர் ஹனீன். தகப்பனார் பெயர் ஃபாரூக். வயது பதினைந்து. உயர்நிலை மூன்றில் படிக்கிறேன். லிட்டில் இந்தியாவில் புளோக் 47, ஏழாவது மாடியில் தகப்பனாருடன் குடியிருக்கிறேன். நான் தமிழில் சொல்ல, மொழிபெயர்ப்பாளர் திரு ஞானசேகரன் எழுதிக்கொள்கிறார். போலீஸ் இளையர்களை விசாரிக்கும்போது துணைக்கு உட்காரும் தொண்டூழியர் ஒருவர் என் பக்கத்தில் இருக்கிறார். வந்ததும் வராததுமாக எனக்கு ஒரு பாக்கெட் டிஷ்யூ கொடுத்தார். இதுவரை பிரிக்கவில்லை. என்னை யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவும் இல்லை. மைலோ கொடுத்தார்கள், அது ஆசை காட்டுவதில் சேராது என்று அதிகாரி சொல்கிறார்.

பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் நகர மன்றமும் வசிப்போர் குழுவும் ஒரு கூட்டம் நடத்தின. வட்டாரத்தின் பழமையைப் பாதுகாத்து, இடத்தையும் அழகுபடுத்தும் திட்டம் என்று சொன்னார்கள். பலகைகளில் படங்களை ஒட்டி, பிடித்த படத்துக்குக் கீழே வட்ட ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னார்கள். அந்தக் காலத்துத் தேக்காவில், அதாவது எங்கள் வட்டாரத்தில், ஆட்கள் நாற்காலி போட்டு உட்கார்ந்து கதை பேசும் படத்துக்குத்தான் ஸ்டிக்கர் அதிகம் விழுந்தது. நானும் அதற்குத்தான் ஒட்டினேன். அதன் பிறகு அந்தப் படத்தைப் பக்கவாட்டுச் சுவர் முழுக்க வரையவும், அதன் எதிரே புது பெஞ்சு போடவும், பூத்தொட்டி வைக்கவும் முடிவானது. வேலை செய்யத் தொண்டூழியர்கள் வேண்டும் என்றார்கள். பள்ளியில் சேவை மணிநேரம் குறைவாக இருந்ததால் நானும் பெயர் கொடுத்தேன். தொண்டு என்னுடையது, ஆர்வம் பள்ளியுடையது.

அதன் பிறகு, சனிக்கிழமை காலை எல்லாருக்கும் மஞ்சள் டி-சட்டை கொடுத்தார்கள். வசிப்போர் குழுவின் பொறுப்பாளர் திருமதி சிவகாமசுந்தரி. மூன்றாவது மாடியில் இருக்கிறார், புளோக்கில் எல்லாருக்கும் ஆன்ட்டி. முட்டி வலியோடு ஏணியில் ஏறி மேகம் வரைந்தவர் அவர்தான், அதையும் எழுதிக்கொள்ளவும். என்னிடம் ஆரஞ்சு நிற நோட்டீஸ் கட்டு ஒன்றைக் கொடுத்து, பொது இடத்தில் கிடக்கும் பழைய சாமான்களின் மேல் ஒட்டச் சொன்னார். நோட்டீஸ் ஒட்டிய சாமானை உரியவர் எடுக்காவிட்டால் குப்பை அகற்றும் குத்தகையாளரின் லாரி வந்து அள்ளிப் போகும். எங்கள் புளோக்கில் வீட்டில் இடம் இல்லாத நாற்காலி எல்லாம் கீழே வந்துவிடும், யார் வேண்டுமானாலும் உட்காரலாம். அழகுபடுத்துவது என்றால் முதலில் அப்புறப்படுத்துவது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிளாஸ்டிக் ஸ்டூல், சக்கரம் போன ஆபீஸ் சேர், எல்லாவற்றிலும் ஒட்டினேன். பச்சை நாற்காலியில் மட்டும் ஒட்டவில்லை.

மேற்படி பச்சை நாற்காலி எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையோடு வந்தது. என் தாயார் முனீரா உட்காரும் நாற்காலி. என் பெற்றோர் பிரிந்த பிறகு தாயார் புக்கிட் பாத்தோக்கில் பெரியம்மா வீட்டில் இருக்கிறார். அவர் போன பிறகு, சாப்பிடும்போது அந்த நாற்காலி எதிரே சும்மா இருந்தது. ஒருநாள் அத்தா, அதாவது தகப்பனார், அதைத் தூக்கிக்கொண்டு லிஃப்டில் இறங்கி, நடைபாதைக் கூரையின் முதல் தூணை ஒட்டிப் போட்டுவிட்டு வந்தார். ஞாயிற்றுக்கிழமை அம்மா என்னைப் பார்க்க வந்தபோது அதைக் கண்டு கொஞ்ச நேரம் நின்றார். அதன் பிறகு உட்கார்ந்தார். அன்று முதல் ஒவ்வொரு ஞாயிறும் அதில்தான் உட்காருகிறார். மேலே வர மாட்டார்.

அங்கே உட்கார்ந்து கழுத்தைக் கொஞ்சம் சாய்த்தால் ஏழாவது மாடியில் எங்கள் வீட்டு ஜன்னலுக்கு வெளியே நீட்டியிருக்கும் துணிக்கம்பு தெரியும். அத்தாவைப் பற்றி அம்மா எதுவும் கேட்பதில்லை. துணியைப் பார்ப்பார். "நீலச் சட்டைய உள்பக்கம் திருப்பிக் காயப்போடச் சொல்லு, வெளுத்துடும்" என்பார். நான் மேலே போய், "சட்டை வெளுக்குதாம்" என்பேன். யார் சொன்னது என்று அத்தா கேட்க மாட்டார். அடுத்த வாரம் சட்டை திருப்பியிருக்கும். ஒருமுறை வேண்டுமென்றே அத்தாவின் கைலியைக் கோணல்மாணலாகத் தொங்கவிட்டேன். அம்மா அன்று வழக்கத்தைவிட அதிக நேரம் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமை இரவு மழை அடித்தாலும் ஞாயிறு காலை நாற்காலி காய்ந்துதான் இருக்கும். துப்புரவு அங்கிள் துடைக்கிறார் என்று நினைத்திருந்தேன்.

அதன் பிறகு, அதே சனிக்கிழமை, ஆன்ட்டி சுற்றிப் பார்க்க வந்தார். நோட்டீஸ் இல்லாத பச்சை நாற்காலியைப் பார்த்து அவரே ஒன்றை எடுத்து, முதுகுச் சாய்வில் ஒட்டினார்.

"ஆன்ட்டி, அது எங்கம்மா சேர்."

"அப்ப வீட்டுக்குத் தூக்கிட்டுப் போயேன் லா. ஒரு காலுக்கு அட்டை மடிச்சு வச்சிருக்கீங்க, யாராச்சும் விழுந்தா?"

"வீட்டுல வைக்க முடியாது."

"புது பெஞ்சு வந்துருச்சே கண்ணு, உங்கம்மா அதுல சொகுசா உட்காரட்டும்."

புது பெஞ்சு சுவர்ப்படத்தைப் பார்த்துப் போட்டது. அங்கிருந்து எங்கள் துணிக்கம்பு தெரியாது. பெஞ்சைப் பார்த்தால் அழகு, பெஞ்சிலிருந்து பார்த்தால் சுவர். அந்தச் சுவரில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பேசும் ஆட்களுக்குச் சாயம் பூசிக்கொண்டிருந்தார்கள். துணிக்கம்பு விஷயத்தை நான் ஆன்ட்டியிடம் சொல்லவில்லை. அது சொல்கிற விஷயம் இல்லை. "படத்துல இருக்கிறவங்களுக்கும் நோட்டீஸ் ஒட்டவா ஆன்ட்டி?" என்று மட்டும் கேட்டேன். வாயைக் குறைக்கச் சொன்னார்.

அதன் பிறகு எல்லாரும் நாசி லெமாக் சாப்பிடப் போனார்கள். நான் பச்சை நாற்காலியின் நோட்டீஸை உரித்தேன். அவசரத்தில் ஒரு மூலை கிழிந்து அங்கேயே நின்றுவிட்டது. உரித்ததைப் புது பெஞ்சில் ஒட்டினேன். கையில் மிச்சம் இருந்ததால் பூத்தொட்டிகளுக்கும் திட்டப் பலகைக்கும் ஒட்டினேன். ஒன்று ஆன்ட்டியின் முதுகுக்கு. "இப்பொருள் அகற்றப்படும்" என்று அவர் சாயங்காலம் வரை நடந்தார். அவரை யாரும் அகற்றவில்லை. (சிரிக்க வேண்டாம் என்று அதிகாரி கூறினார். மொழிபெயர்ப்பாளரும் சிரித்தார் என்பதைச் சொல்லிக்கொள்கிறேன்.) எல்லாரும் பார்த்துத் திட்டுவார்கள், கிழிப்பார்கள், அதோடு முடியும் என்று நினைத்தேன். ஆன்ட்டி முதுகில் இருந்ததைத்தான் கிழித்தார்கள். மற்றதை யாரும் கவனிக்கவில்லை.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை அம்மா வந்தார். மார்ஜரின் டப்பாவில் வட்டிலப்பம் கொண்டுவந்தார். சாய்வில் ஒட்டியிருந்த ஆரஞ்சுத் துணுக்கைப் பார்த்து நகத்தால் சுரண்டினார், வரவில்லை.

"தூக்கப் போறாங்களா?"

"இல்லம்மா. நான் பாத்துக்கிறேன்."

"நீ பாத்துக்கிட்டதெல்லாம் எனக்குத் தெரியாதா" என்று சிரித்துவிட்டு மேலே பார்த்தார். மழை மேகமாக இருந்ததால் அன்று துணி போடவில்லை. வெறும் கம்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அதன் பிறகு திங்கட்கிழமை காலை லாரி வந்தது. நான் தூங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டுக் கீழே ஓடுவதற்குள் லாரி போய்விட்டது. பெஞ்சு இன்னும் தரையோடு முடுக்கப்படவில்லை என்பதால் அதையும், தொட்டிகளையும், பலகையையும் ஏற்றிப் போயிருந்தார்கள். தூண் பக்கத்தில் அட்டைத் துண்டு மட்டும் கிடந்தது. லாரியில் வந்த ஊழியர் திரு இளமாறன், "பச்ச சேர்ல நோட்டீஸ் பாதி கிழிஞ்சிருந்துச்சு, காத்துல பிஞ்சிருக்கும்னு ஏத்திட்டேன் சார்" என்று சொன்னதாக அதிகாரி எனக்குச் சொன்னார். அவர் செய்தது சரி. நோட்டீஸ் ஒட்டியதை எடுப்பதுதான் அவர் வேலை. அவர்மேல் எந்தத் தவறும் இல்லை.

அதன் பிறகு பெஞ்சு திருட்டுப் போனதாக ஆன்ட்டி புகார் கொடுத்தார். கேமராவில் நான் ஒட்டுவது தெரிந்தது. சாமான்கள் கிராஞ்சியில் ஒரு கிடங்கில் கிடைத்தன. பெஞ்சும் தொட்டிகளும் பழையபடி புளோக்குக்கு வந்துவிட்டன. பச்சை நாற்காலிக்கு உரியவர் யார் என்று உறுதியாகாததால் இந்தக் காவல் நிலையத்தில் வைத்திருக்கிறார்கள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. அதற்கு இப்போது எண் எழுதிய வெள்ளை அட்டை கட்டியிருக்கிறார்கள். அடுத்தடுத்து யாராவது எதையாவது மாட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

என் தகப்பனாரும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்; அந்த நாற்காலி உங்களுடையதா என்று அங்கிருந்த அதிகாரி அவரிடம் கேட்டது என் காதில் விழுந்தது. "எங்க வீட்டுதுதான்" என்றார். வீட்டுக்கு எடுத்துப் போகிறீர்களா என்று கேட்டதற்கு, "வீட்டுக்கு இல்ல. கீழ, அது இருந்த எடத்துக்கு" என்றார். அதன் பிறகு கைக்குட்டையை எடுத்து, கிடங்குத் தூசியை முதுகுச் சாய்விலிருந்து துடைக்கத் தொடங்கினார். அவர் துடைக்கிற விதத்தைப் பார்த்தால் புதிதாகத் துடைப்பவர் மாதிரி இல்லை. பக்கத்தில் இருக்கும் தொண்டூழியரிடம் டிஷ்யூ பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்து, அத்தாவிடம் சேர்க்கச் சொன்னேன்.

வேறு ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டதற்குச் சொல்வது: செய்ததற்குத் தண்டனையாகப் புளோக்கைக் கூட்டச் சொன்னாலும், சுவருக்குச் சாயம் பூசச் சொன்னாலும் செய்கிறேன். ஆன்ட்டியிடம் மன்னிப்பும் கேட்கிறேன். நாற்காலியை மட்டும் ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுத்துவிடுங்கள். அம்மாவிடம் நான் இன்னும் எதுவும் சொல்லவில்லை. நாற்காலி இல்லாவிட்டாலும் அவர் வருவார். ஆனால் நின்றுகொண்டு பேசுவார். நின்றுகொண்டு பேசுகிறவர்கள் மேலே பார்ப்பதில்லை, சீக்கிரம் கிளம்பிவிடுவார்கள்.

நான் சொன்னதைத் திரு ஞானசேகரன் எனக்கு வாசித்துக் காட்டினார். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, கேலியாகச் சொன்னதும் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) ஃபா. ஹனீன்