ஆறாவது வரிக்குக் கீழே

பெரிய திரை உள்ள போன் வாங்கச் சொல்லி அப்பாவிடம் நானே பல தடவை சொல்லியிருக்கிறேன், சார். கேட்கவில்லை. சட்டைப் பைக்குள் அடங்காத போன் எதற்கு என்பார். அவர் வைத்திருந்தது உள்ளங்கை அளவு. நான் செய்துகொடுத்த மாத்திரைச் செயலி அதில் ஆறு வரிகளைக் காட்டும். ஷோபனா அக்காவின் போனில் அதே செயலி எட்டு வரி காட்டும். அவள் வேப்பம்பட்டிலிருந்து ரயில் ஏறி வந்து உங்களிடம் புகார் கொடுத்ததற்கு அந்த வித்தியாசம்தான் காரணம்.

"தெரிஞ்சு பண்ணியா, தெரியாம பண்ணியா? ஒத்த வார்த்தைல சொல்லு" என்றீர்கள். ஒரு வார்த்தை போதாது. கொஞ்சம் தொழில் விஷயம் சொல்ல வேண்டும்.

செயலியில் ஒரு பட்டியல் என்பது நீளமான காகிதம் மாதிரி. போன் திரை அதன் மேல் வைத்த சன்னல். விரலால் தள்ளினால் காகிதம் நகரும். விரலை எடுத்த பிறகும் கொஞ்ச தூரம் ஓடி மெல்ல நிற்கும். எவ்வளவு ஓட வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று என்னைப் போல ஒருவன் எண் கொடுத்திருப்பான். கடைசி வரி வந்த பிறகும் தள்ளினால் காகிதம் சட்டென்று நிற்கக் கூடாது. நின்றால் போன் ஹேங் ஆகிவிட்டது என்று நினைப்பீர்கள். அதனால் ரப்பர் போலக் கொஞ்சம் இழுபடும். இழுக்க இழுக்க இறுகும். விட்டால் பழைய இடத்துக்குத் திரும்பும். அந்தத் துள்ளலுக்கு ஒரே அர்த்தம்தான்: நீ இழுத்தது தெரிகிறது, இதற்கு மேல் எதுவும் இல்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுப்பதில்லை. எல்லோருக்கும் புரிகிறது. அப்பாவுக்கும் புரிந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் இதுதான் எனக்கு நைட் ஷிப்ட் வேலை. வெளிநாட்டுக்காரர்கள் துணி வாங்கும் செயலி. அதில் பட்டியல் முடியவே கூடாது. ஆள் அடியைத் தொடுவதற்குள் அடுத்த கட்டுத் துணிகளைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டும். யாராவது அந்தத் துள்ளலைப் பார்த்துவிட்டால் அது எங்கள் கணக்கில் பிழை. காலேஜை மூன்றாம் வருடத்தில் விட்டது போலவே அந்த வேலையையும் விட்டேன். சண்டை எதுவும் இல்லை. ஒரு நாள் கிளம்பவில்லை, அவ்வளவுதான்.

அப்பா பெயர் வேம்புலி. ஆவடியில் ராணுவத் தளவாடத் தொழிற்சாலையில் செக்கராக இருந்தார். உதிரி பாகத்தோடு ஓர் அட்டை வரும். அதில் எழுதியிருப்பதை மட்டும் அளந்து டிக் போடுவார். அட்டையில் இல்லாததைத் தொடமாட்டார். வீட்டிலும் அப்படித்தான். அம்மா இறந்த பிறகு குவார்ட்டர்ஸைக் காலி செய்து பட்டாபிராமில் வீடு கட்டினார். வாசலில் நிற்பதும் தெருவுக்கு வணக்கம் சொல்வதும்தான் ஓய்வுக்குப் பிறகு அவர் வேலை.

நான் வேலையை விட்ட மறுநாள் சாயங்காலம் என் பையை எடுத்துக்கொண்டு வந்து நின்றார்.

"மாட்டு."

"வேலைய வுட்டுட்டேன்ப்பா."

"தெரியும். தெருவுக்குத் தெரியாது. வேற வேல கெடைக்கற வரைக்கும் போய்கினு வந்துகினு இரு."

பைக்குள் சாப்பாட்டு டப்பா இருந்தது. புளிசாதம். வேர்க்கடலையை அவரே வறுத்துப் போட்டிருந்தார். நான் அவரை வெறுக்கவில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம் சென்ட்ரலுக்குப் போவேன். வெளியூர் வண்டிக்குக் காத்திருப்பவர்கள் நடுவில் படுத்துக்கொள்வேன். காலையில் எல்லோரும் சென்னைக்குள் போகும்போது காலி வண்டியில் திரும்பி வருவேன். அப்பா கேட்டருகே நின்று எதிர்வீட்டுக் கோதண்டத்துக்குக் கேட்கும்படி உரக்கக் கேட்பார்: "இன்னாடா, ராத்திரி வேல ஜாஸ்தியா?"

நான் ஜாஸ்தி என்று சொல்ல வேண்டும்.

"எம் புள்ளைக்கும் அங்க ஒண்ணு சொல்லுப்பா" என்பார் கோதண்டம். "ஊட்ல குந்திகினு போனத் தேச்சிகினு கீறான்."

"சொல்லுவான், சொல்லுவான்" என்பார் அப்பா.

வேறு வேலை கிடைக்கவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போனது. முடிவில்லாத பட்டியலில் இருந்து தப்பித்து வந்தவனை அவர் இன்னொன்றில் ஏற்றிவிட்டிருந்தார்.

நடுவில் அவருக்கு மாரடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். மாத்திரைகள் குழம்பின. காலை மாத்திரையை இரவில் போட்டுக்கொண்டார். "நீ சும்மாதான கீற, அப்பாவுக்கு போன்ல ஒண்ணு செஞ்சு குடேன்" என்றாள் அக்கா. செய்தேன். ஒவ்வொரு வரியிலும் ஒரு மாத்திரையின் படம், பக்கத்தில் டிக் போடும் கட்டம். அப்பாவுக்குப் பிடித்துப்போனது. "அட்ட மாதிரியே கீதுடா" என்றார். அதன் பிறகு டாக்டர் சீட்டை அவர் எடுத்துப் பார்க்கவில்லை. போனில் இருந்ததைப் போட்டுக்கொண்டார். இல்லாததைத் தொடவில்லை.

அடுத்த பரிசோதனையில் டாக்டர் இருந்த ஆறோடு புதிதாக ஒரு மாத்திரை சேர்த்தார். ஸ்டென்ட்டில் ரத்தம் உறையாமல் இருக்க. இதை மட்டும் ஒரு நாள்கூட விடக் கூடாது என்று என்னிடம் தனியாகச் சொன்னார். அப்பா அப்போது வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். நான் அதை ஏழாவது வரியாகச் சேர்த்தேன்.

பிழை அங்கேதான் வந்தது. அது நிஜமான பிழை. செயலியின் அடியில் பொத்தான்கள் உள்ள ஒரு பட்டை இருக்கும். அதன் உயரத்தை நான் கணக்கில் சேர்க்கவில்லை. அதனால் பட்டியல் ஒரு வரி முன்னதாகவே முடிந்ததாக நினைத்துக்கொண்டது. ஏழாவது வரி பட்டைக்குப் பின்னால் கிடந்தது. இழுத்தால் ரப்பர் நீளும் அளவுக்குத் தலையை நீட்டும். விட்டால் உள்ளே போகும். முதல் நாள் காலையிலேயே கவனித்துவிட்டேன். ஓர் எண்ணை மாற்றினால் சரியாகிவிடும். லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன்.

வாசலில் அப்பா கோதண்டத்திடம் பேசிக்கொண்டிருந்தார். "பையன் ராத்திரியெல்லாம் கண்ணு முழிக்கிறாம்பா. அவன எழுப்பாத, பாவம்."

லேப்டாப்பை மூடிவிட்டுப் படுத்தேன்.

சரிசெய்யவில்லை என்பது தவிர அன்று நான் எதுவும் செய்யவில்லை. மறுநாள் பார்த்தபோது ஏழாவது வரியின் மேல் விளிம்பு நூல் அளவு தெரிந்தது. தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும், வெட்டுப்பட்டுத் தெரியும் வரிதான் கீழே இன்னும் இருக்கிறது என்று சொல்லும். பார்க்க அசிங்கமாகவும் இருந்தது. அப்பாவின் போனை எடுத்து அளந்து, ஆறாவது வரி பட்டையோடு ஒட்டி முடியும்படி வரிகளின் உயரத்தை மாற்றினேன். பிறகு, ஏழில் ஆறு முடிந்தது என்று மேலே காட்டிய வரியை எடுத்தேன். எண்கள் வயதானவர்களைக் குழப்பும். பிறகு ரப்பரை இறுக்கினேன். இரும்பைத் தடவித் தடவி அப்பாவின் விரல் நுனிகள் மழுங்கியிருந்தன. லேசாகத் தொட்டால் திரைக்குத் தெரியாது. அதனால் அழுத்தித் தள்ளுவார், பட்டியல் ரொம்பத் துள்ளும். இறுக்கிய பிறகு துள்ளல் கண்ணுக்கு இதமாக இருந்தது. மாத்திரைப் பெட்டியில் அட்டைகளை அவ்வப்போது நிரப்பி வைத்தது நான்தான். ஏழாவதற்கு நிரப்பும் தேவை வரவில்லை.

ஒரு காலை, நான் ரயிலிலிருந்து இறங்கித் தெருமுனை திரும்பும்போது அவர் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். என்னைப் பார்த்து வாயைத் திறந்தார். அன்றைக்குக் கேள்வி வரவில்லை. கோதண்டம்தான் ஆட்டோ பிடித்து வந்தார். ஸ்டென்ட் அடைத்துக்கொண்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில். மாத்திரை ஒழுங்காக எடுத்தாரா என்று கேட்டார்கள். அப்பாவின் போனைக் காட்டினேன். ஆறு வரி, ஆறு டிக். ஒரு நாள்கூட விடவில்லை.

கருமாதிக்கு வந்த அக்கா, அப்பா கடைசியாகத் தொட்டது அந்த டிக்குகளைத்தான் என்று அவற்றைத் தன் போனிலும் வைத்துக்கொள்ள விரும்பினாள். நானே ஏற்றிக்கொடுத்தேன். அவள் போன் பெரியது என்று அப்போது நான் யோசிக்கவில்லை. தள்ள வேண்டிய அவசியமே இல்லாமல் ஏழாவது வரி நடுத்திரையில் நின்றது. அதில் ஒரு டிக்கும் இல்லை. எழுந்து போய் பெட்டியைத் திறந்தாள். பிரிக்காத அட்டைகளை எடுத்து என் முன்னால் வைத்தாள்.

"இத்தன நாளா கீதே. அப்பா உன்னாண்ட கேக்கவே இல்லியாடா?"

கேட்கவில்லை என்றேன்.

நீங்கள் கூப்பிட்டு விசாரித்த ஐடி ஆள் இது சாதாரணமாக வருகிற தப்புதான் என்று சொல்லிவிட்டார். கேஸை மூடிவிடலாம் என்று நீங்களும் சொன்னீர்கள். மூடினால் நான் வீட்டுக்குப் போவேன். சாயங்காலம் ஆனால் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவேன். இப்போதும் அப்படித்தான் கிளம்புகிறேன். டப்பா காலியாக இருக்கிறது. கோதண்டம் தன் மகனுக்காக இன்னும் வேலை கேட்கிறார். வேறு எப்படி இருப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அக்காவிடம் சொன்னதில் ஒரு திருத்தம் இருக்கிறது. அப்பா கேட்டார்.

நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். அப்பாவின் ஒரு கையில் போன், இன்னொரு கையில் அந்த மாத்திரை அட்டை. என்னிடம் எதையாவது கேட்டுத் தெரிந்துகொள்வது அவர் வழக்கமில்லை. அதனால் கொஞ்சம் தயங்கினார்.

"டேய், இது ஒண்ணு பொட்டியிலயே கீது. போன்ல காணோம். நாலஞ்சு வாட்டி இழுத்துப் பாத்துட்டேன். இன்னாவோ தலய நீட்டுது, உள்ள பூடுது. இத்தோட அவ்ளோதானா?"

"அவ்ளோதான்ப்பா. அதுக்குக் கீழ ஒண்ணும் இல்ல."

"நீ சொன்னா சரி. உன் வேலயாச்சே" என்றார். அட்டையைப் பெட்டியில் வைத்துவிட்டு என் பையைத் தூக்கி மாட்டிவிட்டார்.

இதை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் ஏழாவது வரியை நான் அழித்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள், சார். அது கடைசிவரை அங்கேயேதான் இருந்தது.