கூறைப் பட்டும் குப்பை மேசையும்

சுபத்திரா: ...அதையும் ஒட்டப் போறியா? டீ பையையா?

பிரவீனா: ஆமா அண்ணி. காஞ்சிருச்சு. தூள கொட்டிட்டு வெறும் பைய ஒட்டினா நல்ல பழுப்பு நெறம் வரும்.

சுபத்திரா: அலமாக்! குடிச்சுப் போட்ட டீ பை... அதுக்கு மேல?

பிரவீனா: மேல வெள்ளைப் பூச்சு. கொஞ்சம் நீலம். பழைய பஸ் கார்டால ஒரு இழுப்பு. ஆர்ட் நோட்டுல இந்தப் பக்கத்துக்கு பேக்ரவுண்ட் ரெடி லா.

சுபத்திரா: பேக்ரவுண்டாம்! நம்ம பெர்மாஸ் ஜெயாவுக்கு குப்பை லாரி வருதே, அது உள்ளயும் இதே பேக்ரவுண்ட்தான். எட்டிப் பாத்திருக்கியா?

பிரவீனா: பாத்தேன் அண்ணி. அவங்களுக்கு கலர் சேர்க்கத்தான் தெரியல.

சுபத்திரா: வாயப் பாரு! அப்படியே பொறந்த ஊரு ரெங்கம் எஸ்டேட்டு வாய். என் தம்பி இதுக்கெல்லாம் ஒண்ணும் சொல்றதில்லையா?

பிரவீனா: சொல்வாரு. "சோத்துத் தட்ட எங்க வைக்கிறது"ன்னு கேப்பாரு.

சுபத்திரா: பாவம் தயானந்தன். வீட்டுக்கு வந்தா மேசை பூரா கோந்து. இது என்னது? நாசி லெமாக் சோறு கட்டின காகிதமா?

பிரவீனா: தொடாதீங்க, ஈரம்! அதுல மெழுகு இருக்கு. பெயிண்ட் ஒட்டாம வழுக்கி வழுக்கி ஓடும். அந்தத் தடம்தான் அழகு.

சுபத்திரா: அழகு! மூணு வயசுப் பிள்ள இத பண்ணா முதுகுல ரெண்டு வச்சிருப்போம். நீ பண்ணா ஆர்ட்டு.

பிரவீனா: வேணும்னா உக்காருங்க, சொல்லித் தரேன். ஈரப் பெயிண்ட் மேல பிளாஸ்டிக் கவரக் கசக்கி ஒட்டி, காஞ்சதும் உரிச்சா...

சுபத்திரா: எனக்கு வேற வேலையே இல்ல பாரு! இன்னைக்கு சாயங்காலம் என் மக நிச்சயதார்த்தம். சிங்கப்பூர்லருந்து மாப்பிள்ள வீடு வந்து எறங்கியாச்சு. நீ என்னடான்னா கை பூரா நீலத்த பூசிக்கிட்டு நிக்கிற.

பிரவீனா: சுகந்தினிக்குத்தான் அண்ணி இந்தப் பக்கமே. முடிச்சுட்டு குளிச்சு கெளம்பிடுவேன்.

சுபத்திரா: கெளம்பி? என்னத்த கட்டிட்டு வரப் போற?

பிரவீனா: அந்தப் பச்சை இருக்குல்ல... தீபாவளிக்கு எடுத்தது...

சுபத்திரா: பச்சைய தூக்கிப் போடு. அதுக்குத்தான் மெனக்கெட்டு வந்தேன். கூறைய கட்டு.

பிரவீனா: ...கூறையா?

சுபத்திரா: ஆமா, கூறை! நீங்க முகூர்த்தப் பட்டும்பீங்களே. உன் கல்யாணத்துக்கு நான் பாத்துப் பாத்து எடுத்துக் குடுத்தேனே. மறந்துட்டியா?

பிரவீனா: மறக்க முடியுமா அண்ணி? மேடையில மைக்கப் புடிச்சு சொன்னீங்களே.

சுபத்திரா: சொல்லாம? காஞ்சிபுரத்துப் பட்டு! உங்க ஆளுங்க எல்லாரும் வந்து தொட்டுத் தொட்டுப் பாத்துட்டுப் போனாங்க.

பிரவீனா: எங்க அம்மா கைய கழுவிட்டு வந்து தொட்டாங்க.

சுபத்திரா: ராசம்மாக்கா பாவம், வெள்ளந்தி. சரி கேளு. சம்பந்தியம்மா சிங்கப்பூர் பாலத்துல ஜாம் ஆகும்னு நேத்தே வந்து ஹோட்டல்ல தங்கியிருக்காங்க. காலையில போயி அவங்களுக்கும் ஒரு பட்டு குடுத்துட்டு வந்தேன். சாயங்காலம் இதத்தான் கட்டணும்னு கையப் புடிச்சு சொல்லிட்டேன்.

பிரவீனா: அவங்களுக்குமா?

சுபத்திரா: பின்ன? "என் தம்பி பொண்டாட்டிக்கு எடுத்த அதே கடை, அதே தரம்"னு சொன்னேன். அவங்க உன்ன அந்தக் கூறையில பாக்கணும். நம்ம குடும்பம் எப்பேர்ப்பட்டதுன்னு தெரியணும்ல?

பிரவீனா: அதே தரமா அண்ணி? நெசமாவா?

சுபத்திரா: அதே தறின்னே வச்சுக்கோயேன். சுத்தப் பட்டு. ஏன் அப்படிப் பாக்குற?

பிரவீனா: ஒண்ணுமில்ல.

சுபத்திரா: போ, கூறைய எடுத்து வெளிய வை. நான் பாத்ரூம் போயிட்டு வரேன். அங்கயாவது பெயிண்ட் இல்லாம இருக்கா?

பிரவீனா: வாளியில மட்டும் பிரஷ் ஊறுது. ஒதச்சிடாதீங்க... அண்ணி! உங்க போன் அடிக்குது!

சுபத்திரா: எடுத்துப் பேசு! சம்பந்தியம்மாவா இருந்தா மரியாதையா பேசு. என்ன கேட்டாலும் சரின்னு சொல்லு!

பிரவீனா: ஹலோ... வணக்கம் ஆண்ட்டி. அண்ணி பாத்ரூம்ல இருக்காங்க. நான் தயானந்தன் சம்சாரம், பிரவீனா... ஆமா ஆண்ட்டி, எனக்கும் அண்ணிதான் எடுத்தாங்க. சுத்தப் பட்டுன்னு இப்பக்கூட சொன்னாங்க... ஓ... அப்படியா... ஐயோ, தாராளமா ஆண்ட்டி. இதுக்குப் போயி கேக்கணுமா... சரி. சாயங்காலம் பாப்போம்.

சுபத்திரா: யாரு? அவங்களா?

பிரவீனா: அவங்கதான். சேலையப் பத்தி கேட்டாங்க. சொல்லிட்டேன்.

சுபத்திரா: மரியாதையா பேசினியா?

பிரவீனா: தேன் ஒழுக ஒழுக.

சுபத்திரா: அது போதும். எங்க கூறை? இன்னும் எடுக்கலயா நீ... ஏய். இரு, இரு. அந்தக் கொடியில கிளிப் போட்டுத் தொங்குதே, அது என்ன?

பிரவீனா: அதுவா? அதுவும் ஒரு பக்கம்தான் அண்ணி. விடுங்க.

சுபத்திரா: கழட்டு, பாக்குறேன். அடடா... இது நல்லாருக்கே! மத்ததெல்லாம் குப்பை, இது மட்டும் எப்படி? பழைய கோயில் கதவுல பித்தளைத் தகடு அடிச்ச மாதிரி... சுருங்கிச் சுருங்கி, நடுவுல ஓட்டை ஓட்டையா, ஓரத்துல தங்கக் கலர்ல மாங்கா...

பிரவீனா: அது குப்பைதான் அண்ணி. சத்தியமா.

சுபத்திரா: எனக்கு ரசனை இல்லன்னு நெனச்சியா? சம்பந்தியம்மாவுக்கு கையால செஞ்ச சாமான்னா உயிராம். இதுக்கு ஒரு ஃப்ரேம் போட்டு சீர்த்தட்டுல வச்சா எப்படி இருக்கும்!

பிரவீனா: இத... அவங்களுக்கா?

சுபத்திரா: நான் சொல்லித்தான் நீ செஞ்சன்னு சொல்லிக்கலாம். அத விடு. துணிய இப்படி சுருங்க வைக்கிறதுக்கு என்ன பண்ணுவ?

பிரவீனா: ஹீட் கன்னு அண்ணி. இதோ, துப்பாக்கி மாதிரி இருக்குல்ல. அனல் காத்து வரும். துணிக்கு நேரா புடிச்சா தானா சுருங்கி உருகும். எல்லாத் துணியும் உருகாது.

சுபத்திரா: பெரிய விஞ்ஞானி. சரி, இத நான் எடுத்துக்கிறேன். நீ கூறைய எடு.

பிரவீனா: எடுக்க முடியாது.

சுபத்திரா: ஏன்? கடையில வெளுக்கப் போட்டிருக்கியா?

பிரவீனா: இல்ல.

சுபத்திரா: உங்க அம்மா வீட்ல வச்சுட்டு வந்துட்டியா?

பிரவீனா: இல்ல அண்ணி.

சுபத்திரா: அப்ப அலமாரி சாவியக் குடு. நானே எடுக்கிறேன்.

பிரவீனா: அலமாரியில இல்ல. உங்க கையிலதான் இருக்கு.

சுபத்திரா: ...என்ன?

பிரவீனா: அந்த மாங்கா ஓரம். நீங்க தேடித் தேடி எடுத்ததுதானே. அடையாளம் தெரியலையா?

சுபத்திரா: அடிப்பாவி! கூறையடி இது! தாலி ஏறினப்ப கட்டியிருந்த சேலை! வெட்டி... வெட்டி கோந்து போட்டு ஒட்டியிருக்கியே! உனக்கு எப்படிடி மனசு வந்துச்சு?

பிரவீனா: அழுது முடிச்சுட்டுத்தான் வெட்டினேன் அண்ணி.

சுபத்திரா: பேசாத! எஸ்டேட்டுல பொண்ணெடுக்காதடா, எடுக்காதடான்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். பட்டோட அருமை உனக்கு எங்க தெரியப் போகுது? இப்பவே தயானந்தனுக்கு போன் போடுறேன். இந்த மேசை இருக்கணுமா, நீ இருக்கணுமான்னு அவனே சொல்லட்டும். உன் மூட்டைய கட்டி ரெங்கத்துக்கே அனுப்புறேனா இல்லையா பாரு!

பிரவீனா: போடுங்க. ஸ்பீக்கர்ல போடுங்க. அவரும் வாசம் புடிக்கணும்னா வீடியோ கால் பத்தாது, நேர்லயே வரச் சொல்லுங்க.

சுபத்திரா: என்ன வாசம்?

பிரவீனா: கல்யாணம் முடிஞ்சு மொதல் பொங்கல் வந்துச்சுல்ல. கூறைய கட்டிட்டு உங்க வீட்டுக்கு வரணும்னு எனக்கு அவ்ளோ ஆசை. அயர்ன வச்சேன். வச்ச எடத்துலயே ஒட்டிக்கிச்சு. எடுத்தா, அயர்ன் பொட்டி அளவுக்கு ஓட்டை.

சுபத்திரா: அப்பவே ஏன் சொல்லல?

பிரவீனா: பயம்! காஞ்சிபுரத்துப் பட்ட நாசம் பண்ணிட்டேனேன்னு ராத்திரி பூரா அழுதேன். எங்க அம்மா கேள்விப்பட்டு ஓடி வந்து காதுத் தோட்டக் கழட்டி இதே மேசையில வச்சாங்க. "வித்துட்டு அதே மாதிரி ஒண்ணு எடுத்துடு தாயி, அவங்க பெரிய எடம், நம்ம மானம் போயிரும்"னாங்க. அந்தத் தோடு அவங்க கல்யாணத்துலருந்து காதுல கெடந்தது அண்ணி.

சுபத்திரா: ...வித்துட்டீங்களா?

பிரவீனா: விக்க விடல நான். ஆனா அன்னையிலருந்து நீங்க குப்பைன்னீங்க, எஸ்டேட்டுன்னீங்க, சிரிச்சுக்கிட்டே நின்னேன். ஏன்? நான்தான் குத்தவாளின்னு நெனச்சேன். அப்புறம் ஆன்லைன்ல இந்த ஆர்ட்டு கிளாஸ் சேர்ந்தேன். டீச்சர் சொன்னாங்க, பட்டுக்கு அனல் காட்டினா முடி கருகுற வாசம் வரும், கருகிப் பொடியாகும், உருகாது. நைலான், பாலியஸ்டர்தான் உருகிச் சுருங்கும், அத எடுத்து வச்சுக்கோங்கன்னு.

சுபத்திரா: அதுக்கு?

பிரவீனா: இதுல ஒரு துண்டு மிச்சம் இருக்கு. உங்க கண்ணு முன்னாடியே காட்டுறேன். பாருங்க... என்ன ஆகுது?

சுபத்திரா: ...நிறுத்து.

பிரவீனா: கருகுதா? உருகுதா?

சுபத்திரா: நிறுத்துன்னு சொல்றேன்ல!

பிரவீனா: என்ன வாசம் அண்ணி? முடி மாதிரியா, பாசார் மாலாம் ராத்திரிச் சந்தை பிளாஸ்டிக் பை மாதிரியா?

சுபத்திரா: கடைக்காரன்... அந்தக் கடைக்காரன் என்னை ஏமாத்திட்டான். எனக்கு எப்படித் தெரியும்?

பிரவீனா: அப்ப மேடையில என் காதுல வந்து என்ன சொன்னீங்க? "இத அயர்ன் பண்ணிடாத, குத்துவிளக்குப் பக்கம் போகாத"ன்னு. உசத்திப் பட்டுன்னா அப்படித்தான் போலன்னு நான் நெனச்சேன், லேசா தேய்ச்சா ஒண்ணும் ஆகாதுன்னுதான் அன்னைக்கு வச்சேன்.

சுபத்திரா: அதெல்லாம் இப்ப எதுக்கு?

பிரவீனா: சொல்லுங்க அண்ணி.

சுபத்திரா: சரி! தெரிஞ்சுதான் எடுத்தேன். போதுமா? அவன் யாரையும் கேக்காம உன்ன கட்டுறேன்னு நின்னான். எனக்கு ஆத்திரம். எஸ்டேட்டுப் பொண்ணுக்கு பட்டுக்கும் பாலியஸ்டருக்கும் வித்தியாசம் தெரியவா போகுதுன்னு...

பிரவீனா: எனக்குத் தெரியல. ஹீட் கன்னுக்குத் தெரிஞ்சிருச்சு.

சுபத்திரா: மெதுவா பேசு, பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்... பிரவீனா, இங்க பாரும்மா. பச்சையே கட்டிக்கோ. பச்சை உனக்கு எடுப்பா இருக்கும். இது நமக்குள்ளயே இருக்கட்டும்.

பிரவீனா: இப்ப "பாரும்மா"வா?

சுபத்திரா: என் மக வாழ்க்கைடி. சம்பந்தியம்மா காதுக்கு மட்டும் போயிடக் கூடாது. அவங்களுக்குக் குடுத்ததும்... அதே கடை.

பிரவீனா: அதே தறின்னீங்களே.

சுபத்திரா: குத்தாத. சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு.

பிரவீனா: சத்தியமா என் வாயால சொல்ல மாட்டேன் அண்ணி. சொல்ல வேண்டிய அவசியமும் இல்ல.

சுபத்திரா: அப்படின்னா? ...இரு, போன் அடிக்குது. அவங்கதான். என்னடி இது, விடாம அடிக்குது? நீ... நீ அப்ப போன்ல என்ன சொன்ன? அவங்க சேலையப் பத்தி என்ன கேட்டாங்க?

பிரவீனா: மடிப்புல கசங்கியிருக்கு, ஹோட்டல் அயர்ன் கொண்டு வந்து குடுத்திருக்காங்க, தேய்க்கலாமான்னு கேட்டாங்க. நீங்கதானே எதக் கேட்டாலும் சரின்னு சொல்லச் சொன்னீங்க... "அண்ணி எடுத்த சுத்தப் பட்டு, தாராளமா ஆண்ட்டி"ன்னுட்டேன். போன எடுங்க அண்ணி, பாவம், ஒட்டிக்கிட்டு வர மாட்டேங்குது போலருக்கு.