ஆறாம் அறை பிசியோ அக்கா

பின்சுவரோரம் நிற்கும் பெண்களே, உங்களுக்கு முதல் வணக்கம். மேடையை நிறைத்திருக்கும் பெரிய மருத்துவர்களே, நிர்வாகிகளே, மிச்சம் உங்களுக்கு. பேசுவது பிரசவ வார்டின் தலைமைச் செவிலி.

பயிற்சியாலேயே உடம்பைத் தேற்றிய எங்கள் பிசியோ அக்காவின் மறைவுக்கு இவ்வளவு நேரம் உருகினீர்கள். ஒருவர் தூண் என்றார், இன்னொருவர் விளக்கு என்றார். அடேயப்பா! உயிரோடு இருந்தபோது அந்தத் தூணை எங்கே வைத்திருந்தீர்கள்? அழுக்குத் துணி மூட்டைகளுக்குப் பக்கத்தில், ஜன்னல் இல்லாத ஆறாம் அறையில்!

அப்படி என்ன கேவலமான வேலை பார்த்தார்? இடுப்பின் முன்னெலும்பு முதல் வாலெலும்பு வரை விரிந்து, சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் மலக்குடலையும் அடியிலிருந்து தாங்குகிற இடுப்புத்தளத் தசைகளைப் பலப்படுத்தினார். பெயரைச் சொன்னாலே இங்கே இளிப்பு! இருமினால் சிறுநீர் கசிகிறது என்று வந்த பெண்ணிடம் நம் தலைமை மருத்துவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சொன்னார்: "புள்ள பெத்தா அப்படித்தாம்மா. துணி வெச்சுக்கோ, போ." இந்தப் பதிலுக்கா அத்தனை வருடப் படிப்பு!

அதோடு விட்டாரா? ஒரு துண்டுச்சீட்டும் அச்சடித்தார். "தினமும் சிறுநீரைப் பாதியில் நிறுத்திப் பழகவும்." பழகிய சிலர், இப்போது முழுதாகப் போகவில்லை என்று திரும்பி வந்தார்கள். அக்கா உட்கார்ந்து ஐந்நூறு சீட்டிலும் அந்த வரியைச் சிவப்பு மையால் அடித்தார். மருத்துவர் எகிறினார். அக்கா அசரவில்லை.

"அது பயிற்சி இல்ல டாக்டர். மூச்சை விட்டுக்கிட்டே அடித்தசையை மேல இழுக்கணும், அப்புறம் முழுசா தளர்த்தணும். வாங்க, உங்களுக்கும் சொல்லித் தரேன். ஆம்பளைக்கும் அந்தத் தசை இருக்கு."

மனிதர் அதற்குப் பிறகு அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை.

அக்கா போய் ஒன்பது நாள்தான் ஆகிறது. ஆறாம் அறையைக் காலி செய்யச் சொல்லி எனக்குக் கடிதம் வந்துவிட்டது. எதற்காம்? உடைந்த நாற்காலிகளைப் போடவாம்! கையெழுத்துப் போட்டவர்கள்தான் இங்கே கண்ணைத் துடைக்கிறார்கள். வெட்கமாக இல்லை?

நான் மூன்று பெற்றவள். தும்மல் வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு காலைப் பின்னிக்கொண்டு நின்றவள். அக்காவின் முதல் நோயாளி நான்தான். ஒலிபெருக்கியிலேயே சொல்கிறேன். சிரிக்கிறவர்கள் சிரியுங்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன், இப்போது எனக்கு அந்தப் பயம் இல்லை.

அக்காவிடம் ஆறு வருடம் தொழில் கற்ற எங்கள் சின்ன பிசியோ நாளைக் காலை எட்டு மணிக்கு அறையைத் திறப்பாள். பதினொரு பெண்கள் வருகிறார்கள். அக்காவுக்கு நாங்கள் தரும் வாக்கு இதுதான். சாவி என்னிடம் இருக்கிறது. வேண்டுமென்றால் எட்டு மணிக்கு வாருங்கள். அந்தப் பதினொரு பேரின் முகத்தையும் நிமிர்ந்து பார்த்துவிட்டு, அப்புறம் என்னிடம் சாவியைக் கேளுங்கள்.