ஆறு புள்ளி நஷ்டம்

வெள்ளிக்கிழமை என்றால் எங்கள் ஊரில் மாடுகள்கூடக் கொஞ்சம் சீக்கிரமே செத்துப்போகும். பள்ளி மைதானத்தில் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் இருப்பதால் மாடு வெட்டும் ஆலையை முன்கூட்டியே மூடிவிடுவார்கள். நெப்ராஸ்காவில் இதை யாரும் விசித்திரமாக நினைப்பதில்லை. நானும் ரத்தவாடை போகக் கையைத் தேய்த்துக் கழுவி, தொப்பியை மாட்டிக்கொண்டு, கோச் பிராண்டிஜுக்கு உதவியாக மைதானக் கோட்டோரம் போய் நிற்பேன். சம்பளம் கிடையாது, ஊருக்குச் செய்யும் சேவை. நீங்கள் விசாரிக்க வந்திருப்பதும் அந்தச் சேவையைத்தான் என்பதால் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

என் மகன் வெஸ்லி கார்னர்பேக். எதிரணியில் பந்தைப் பிடிக்க ஓடுகிறவனோடு மைதானத்தின் ஓரமாக நிழல்போல ஓடவேண்டும். கௌரவமான வேலைதான், ஆனால் ஒழுங்காகச் செய்கிறவனின் பெயர் யாருக்கும் ஞாபகம் இருக்காது. பிளிட்ஸ் அப்படியல்ல. காவல் காக்கவேண்டியவனை அம்போவென்று விட்டுவிட்டு, பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின்மேல் பக்கவாட்டிலிருந்து போய்ப் பாய்வது. வருகிறவனை அவன் பார்க்கவே மாட்டான். விழுவான், பந்து சிதறும், ஊரே எழுந்து கத்தும். இது லாபம். பாய்கிறவன் போய்ச் சேருவதற்குள் பந்து கையைவிட்டுப் போனால், காவலில்லாமல் நிற்கிறவன் பிடித்துக்கொண்டு ஓடிவிடுவான். ஆறு புள்ளி போச்சு. கோச் கரும்பலகையில் எழுதிய நஷ்டம் இது ஒன்றுதான். கரும்பலகையில் இல்லாததைப் பற்றிக் கவலைப்படும் ஆள் நானில்லை.

வெஸ்லியை அனுப்புவது என் யோசனை.

"பையனுக்கு எடை பத்தாதேய்யா, லோவெல்" என்றார் கோச்.

"எடை எதுக்கு கோச்? துப்பாக்கிக் குண்டை எவனாவது தராசுல வெச்சா பாக்குறான்?"

கோச் சிரித்துவிட்டார். சிரித்தால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது எங்கள் ஊர் வழக்கம்.

முதல் பாய்ச்சலிலேயே குவார்ட்டர்பேக் குப்புற விழுந்தான். வெஸ்லியின் தலைக்கவசத்தில் ஒரு எலும்புப் படம் ஒட்டினார்கள். வீழ்த்துகிற ஆளுக்கு ஒன்று. பருவம் பாதி போவதற்குள் தலைக்கவசம் இடுகாடு மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டுக் கடையில் அவனுக்குச் செர்ரிப்பழ இனிப்பு இலவசம். ஆலையில் கொக்கியில் இறைச்சி மாட்டுகிற என்னை, வேலைக்குச் சேர்ந்த நாள்முதல் "ஏய், கொக்கி" என்று கூப்பிட்ட மேஸ்திரி ஹேகன், "வெஸ்லியோட அப்பா" என்று கூப்பிட ஆரம்பித்தார். குளிர் அறையிலிருந்து என்னை வாசல் காவலுக்கு மாற்றி, உட்கார நாற்காலியும் கொடுத்தார். நான் கேட்கவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அடுத்து நீங்கள் கேட்கும் அந்தத் தேர்வு. அது இதற்கெல்லாம் முன்னால் நடந்தது. பருவம் தொடங்குமுன் பள்ளியில் மூளை எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க ஒரு தேர்வு வைப்பார்கள். கணினியில் சில வார்த்தைகளைக் காட்டி, கொஞ்சம் கழித்து ஞாபகம் இருக்கிறதா என்று கேட்பார்கள். பிறகு தலையில் அடிபட்டால் அதே தேர்வு மறுபடியும். மதிப்பெண் இறங்கியிருந்தால் வெளியே உட்காரவைத்துவிடுவார்கள். முதல் தடவையே மக்குபோல எழுதிவைத்தால் பிறகு இறங்குவதற்கு இடமே இருக்காது. எங்கள் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இது தெரியும். வெஸ்லிக்குத் தெரியவில்லை, நல்ல மாணவன். நான் சொல்லிக்கொடுத்தேன். மீசை நரைத்த பிறகுதான் நான் எழுத்துக்கூட்டப் படித்தேன். அதுவரை படித்தவன்போல நடித்தே காலம் தள்ளியவன். படித்தவனை மக்காக நடிக்கவைப்பது அதைவிடச் சுலபம்.

"இது ஏமாத்துறதில்லையாப்பா?"

"யாரைடா ஏமாத்துறோம்? உன் தலை, உன் பதில்."

மற்ற ஊர்க்காரர்களும் முட்டாள்கள் இல்லை. பாய்ந்து வருகிற ஒல்லிப் பையனுக்காக ஒரு தடியனை நிறுத்திவைக்க ஆரம்பித்தார்கள். ஒரு வெள்ளிக்கிழமை அந்த மோதலில் வெஸ்லி விழுந்து எழுந்து, நேராக எதிரணியின் பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்துகொண்டான். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன். மறுபடி தேர்வு வைத்தார்கள். பாஸ். ஆகஸ்டில் நடித்த மக்குத்தனமும் அக்டோபரில் வந்த மக்குத்தனமும் ஒரே மதிப்பெண்.

என் மனைவி ஜோலீனுக்கு மதிப்பெண்மேல் நம்பிக்கை இல்லை.

"ஷூ கயிறைக் கையில வெச்சுக்கிட்டு முழிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். கட்டத் தெரியலையாம்."

"களைப்பு."

"அம்மான்னு கூப்பிடவே யோசிக்கிறான் லோவெல். அதுவும் களைப்பா?"

"பரீட்சை வருதில்ல, அந்த நெனப்பா இருக்கும்."

"உனக்கு அந்த நாற்காலி நெனப்பு" என்றாள். பெண்கள் கோபத்தில் சம்பந்தமில்லாமல் பேசுவார்கள்.

கடைசி ஆட்டம் ஆல்டர்ஃபோர்க் ஊரோடு. தொடங்குமுன் கோச் என்னைத் தனியாக அழைத்தார்.

"பையன் தெளிவா இருக்கானா?"

"தேர்வுல பாஸ், கோச்."

"தேர்வைக் கேக்கல, உன்னைக் கேக்குறேன்."

"சிங்கம் மாதிரி இருக்கான்."

அவர் என் முகத்தையே பார்த்தார். "இன்னைக்கு அவனைப் பாயவிடாதே. அவன் ஆளோடயே ஓடட்டும்."

சரி என்றேன். கோச் தடுத்தார் என்பதை எழுதிக்கொள்ளுங்கள். நல்ல மனிதர், அவரைத் தொந்தரவு செய்யாதீர்கள்.

முடிகிற நேரத்தில் நாங்கள் மூன்று புள்ளி முன்னால் இருந்தோம். பந்து அவர்கள் கையில், எங்கள் எல்லைக்குப் பக்கத்தில். மேஸ்திரி ஹேகன் படிக்கட்டில் ஏறி நின்று கத்தினார்: "வெஸ்லியோட அப்பா! என்னய்யா வேடிக்கை பாக்குற? அனுப்புய்யா அவனை!" ஆயிரம் பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆயிரம் பேர் பார்க்கும்படி அதற்குமுன் நான் எதுவும் செய்ததில்லை.

தொப்பியின் முன்விளிம்பைத் தொட்டால் பாயவேண்டும் என்பது எங்கள் சைகை. தொட்டேன். வெஸ்லி பார்த்தான். தலையை மெதுவாக இப்படியும் அப்படியும் ஆட்டினான். வேண்டாம்ப்பா என்கிற மாதிரி. சைகை புரியவில்லையோ என்று மறுபடியும் தொட்டேன்.

நல்ல பிள்ளை. போனான்.

தடியன் தயாராக நின்றிருந்தான். சத்தம் எங்கள் ஆலையில் கேட்கிற சத்தம்தான், அதனால் எனக்குப் புதிதாகத் தெரியவில்லை. பதறிப்போன குவார்ட்டர்பேக் பந்தைக் கண்ட இடத்தில் எறிந்தான், எங்கள் பையன் ஒருவன் பிடித்தான். ஜெயித்தோம். ஆறு புள்ளி நஷ்டம் வரவில்லை. கரும்பலகைக் கணக்குப்படி அந்தப் பாய்ச்சலில் ஒரு தவறும் சொல்லமுடியாது.

நீங்கள் கேட்டதற்குப் பதில்: ஆமாம். தேர்வில் அவனைப் பொய் சொல்லவைத்தது நான். கோச் தடுத்தும் அனுப்பியது நான். சைகை புரியவில்லையோ என்று நினைத்தேன் என்றேனே, அதை அடித்துவிடுங்கள். அவனுக்குப் புரிந்திருந்தது. எனக்கும் புரிந்திருந்தது.

அவனுக்கு இனிமேல் யாரையும் அடையாளம் தெரியாது என்கிறார்கள் டாக்டர்கள். ஜோலீன் ஊட்டினால் வாயைத் திறக்கிறான். நர்ஸ் வந்தால் கண்ணால் தொடர்ந்து பார்க்கிறான். நான் கட்டிலுக்குப் பக்கத்தில் போனால் மட்டும் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்கிறான். கழுத்து நரம்பில் ஏதோ கோளாறு போலிருக்கிறது. உங்களுக்குத் தெரிந்த நல்ல டாக்டர் யாராவது இருந்தால், அதைக் கொஞ்சம் பார்க்கச் சொல்லுங்கள்.