எட்டு போடுறவன்

—ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. பொண்ணு பாக்க வந்தவர்கிட்ட இப்படிச் சொல்லக் கூடாது. உங்க போட்டோவக்கூட நான் பாக்கலீங்க. இப்ப என் மனசு பூரா அவன்கிட்டத்தான் இருக்குது.

—அவனா? யாருங்க அவன்? ஜோதிமணி மேடம், நான் வந்து—

—முந்தாநேத்துப் போனானுங்க. அனுப்பி வெச்சுட்டு அப்படி அழுதேன்.

—அய்யோ ராமா! எங்க போனாரு?

—மேல போயிட்டானுங்க.

—செத்துட்டாரா!

—அட, சாட்டிலைட்டுங்க! போனுல வழி காட்டறதுக்கு நாமளே செஞ்சு விட்டது. ராக்கெட்டு பாதி வழியில எறக்கி விட்டுருச்சு. மிச்சத்தை அவனே எஞ்சினப் பத்த வெச்சு ஏறோணும். அந்த எஞ்சினோட வால்வு என் வேலைங்க. நாலு வருசம்! இந்நேரம் அது தொறக்கோணும். எங்கம்மா என்னடான்னா லீவு போட வெச்சு, பட்டுச்சேலை கட்டி, உங்களோட மொட்டமாடியில நிறுத்திட்டாங்க.

—ஹவுதா, அப்படியா! தொறக்கலேன்னா?

—போச்சுங்க. தப்பான பாதையிலயே கெடந்து சுத்துவான். தொறந்துட்டா, ஒசரத்துக்குப் போய் பூமியோட சேந்து சுத்துவான். இங்கிருந்து பாத்தா தெனமும் வானத்துல எட்டு போடுவான்.

—லைசென்ஸுக்குப் போடுவோமே, அந்த எட்டா? நான் மூணு தடவ கால ஊனி பெயிலுங்க!

—சிரிக்க வெக்காதீங்க. ஐயோ, போனு! ஆபீசுல இருந்துதான்! நீங்களே எடுங்க, என்னால ஆகாது.

—ஹலோ... பக்கத்துலதான் இருக்காங்க சார்... ஹவுதா சார்? ஜோதிமணி! தொறந்துடுச்சாம்! எஞ்சின் சக்கத்தா, சூப்பரா எரியுதாம்! ஏறிட்டிருக்கானாம் நம்ம பய!

—ஐயோ சாமி! குதிங்க! நீங்களும் குதிங்க!

—அடியே ஜோதி, என்னடி கூத்து? மைசூரு பூரா கேக்குது! பெத்தவ படியேறி வர்றதுக்குள்ள மாடியே இடிஞ்சுரும் போல. மாப்பிள்ளையப் புடிச்சுப் போச்சா?

—புடிச்சுப் போச்சும்மா! என்னோட சேந்து குதிக்கறாரு பாரு! சரின்னு சொல்லிரு!

—ஆன்ட்டி, கண்ணாடியப் போட்டுப் பாருங்க. நான் மாப்பிள்ளை இல்ல, அவரோட பிரண்டு கவின்ராஜ். பழத்தட்டு குடுக்க முன்னாடி வந்தேன். வாயத் தொறக்கறதுக்குள்ள மாடிக்குத் தள்ளி விட்டுட்டீங்க.

—அட கடவுளே! அப்ப மாப்பிள்ளை?

—மண்டி மொஹல்லா சந்துல காரோட மாட்டிக்கிட்டாரு. இதோ, அவருதான் கூப்பிடறாரு, வழி கேட்டு.

—எடுக்காதீங்க கவின்ராஜ். அம்மா, நீயும் கேட்டுக்கோ. அந்த மனுசனுக்கு நம்ம வீட்டுக்கு யாரும் வழி சொல்லக் கூடாது!