திரையைக் கிழித்துக்கொண்டு வந்தவர்

திரையைப் பறிகொடுத்த துயரிலும் நிமிர்ந்து அமர்ந்திருக்கும் தலைவர் பெருந்தகை பிரகாசம் அவர்களே! இன்றைய கண்டனத் தீர்மானத்தைக் கைப்பட எழுதி, உரக்க வாசித்து, வியர்வை துடைத்து ஓய்ந்திருக்கும் வழக்கறிஞர் தமிழ்மாறன் அவர்களே! மொழி புரியாவிட்டாலும் ஞாயிறு தவறாமல் வந்து, பிரெஞ்சுப் படங்களை எழுத்து எழுத்தாகப் படித்துத் தீர்க்கும் நம் திரைப்பட மன்றத்துச் சான்றோர்களே! பக்கத்து வீட்டில் பார்த்துக்கொள்வார்கள் என்று பிள்ளைகளை விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே! காலில் மாவுக்கட்டோடு வந்திருக்கும் தனக்கொடி அம்மாளே! கணவரை எப்படியோ சமாதானம் செய்து அழைத்து வந்திருக்கும் அகஸ்டினா அம்மையாரே! முன்வரிசையில் கைத்தடியை மடியில் கிடத்தித் தலைகுனிந்து அமர்ந்திருக்கும், குற்றம் சாட்டப்பட்ட முஸ்யே ரிச்சர்ட் அவர்களே! அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தீர்மானத்தை ஆதரித்துப் பேசத்தான் என்னை அழைத்தார்கள். ஒப்புக்கொண்டுதான் வந்தேன். தீர்மானம் இரண்டு விஷயங்களைக் கேட்கிறது. ஒன்று, படம் ஓடும்போது திரையைக் கிழித்து, முடிவைப் பார்க்க விடாமல் செய்த ரிச்சர்ட் இந்த மேடையில் மன்னிப்புக் கேட்க வேண்டும். இரண்டு, இனி படம் ஓடும் நேரத்தில் தெருப்பக்கச் சன்னல்கள் எல்லாம் மூடப்பட வேண்டும். நியாயமான கோரிக்கைகள். நாகரிகமான கோரிக்கைகள். அவற்றை ஆதரிப்பதற்கு முன்னால், அன்று நடந்ததை ஒருமுறை சொல்லிவிடுகிறேன்.

படத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் தேடிப் பிடித்துப் பார்த்துவிடுவீர்கள். மழை பெய்யும் ஓர் ஊர். ஒரு வீடு. கணவன், மனைவி, ஒரு சின்ன மகள். இரண்டு பேர் கதவைத் தட்டுகிறார்கள். போனில் சார்ஜ் இல்லை, ஐந்து நிமிடம் போட்டுக்கொள்கிறோம் என்று பணிவாகக் கேட்கிறார்கள். உள்ளே வருகிறார்கள். பிறகு போவதில்லை. அவ்வளவுதான் கதை.

ஆனால் அந்த இயக்குநர் ஒரு வேலை செய்திருந்தார். அடி விழும் நேரத்திலெல்லாம் அவருடைய கேமரா திரும்பிக்கொள்ளும். சமையலறைச் சுவரைக் காட்டும். சுவரில் ஒரு கெண்டி தொங்கும். அலறல் மட்டும் கேட்கும். ரத்தத்தைப் பார்த்துப் பார்த்து மரத்துப்போன கண்ணுக்கு ரத்தத்தைக் கொடுக்க மாட்டேன், காதையாவது திறந்து கேள் என்று அவர் நம்மிடம் கெஞ்சியிருக்கிறார்.

நாம் என்ன செய்தோம்? என் பின்னால் இருந்த ஒருவர் செய்ததைச் சொல்கிறேன். கெண்டியை மூன்றாம் முறை காட்டியதும் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்: "இன்னாய்யா இவன், அடிக்கிறத காட்டவே மாட்டங்கறான்!" மற்றவர் சொன்னார்: "கடைசில காட்டுவான், இரு." அந்த நம்பிக்கையில் இருவரும் ஆளுக்கொரு சமோசாவை முடித்தார்கள். மறுநாள் நம் வாட்ஸ்அப் குழுவில் வந்த விமரிசனத்தையும் மறக்க முடியாது. 'வன்முறையைக் கடுமையாகச் சாடும் படம். ஆனால் வன்முறை போதவில்லை.' இருபது பேர் கை கூப்பியிருந்தார்கள்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். அன்றும் சிரித்தோம்.

அந்தச் சின்னப் பெண் கத்துகிறாள். "ஓ ஸெகூர்! ஓ ஸெகூர்!" திரையின் அடியில் நம் மன்றம் போட்ட தமிழ் எழுத்து ஓடுகிறது: 'காப்பாற்றுங்கள், காப்பாற்றுங்கள்.' நாம் படித்தோம். அமைதியாகப் படித்தோம். அடுத்த வரி எப்போது வரும் என்று காத்திருந்தோம். இந்தக் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அந்தக் கூக்குரல் வாசிக்கும் பொருளாக இருந்தது. அதைக் காதால் கேட்டவர் ஒரே ஒருவர். அவர் இந்தக் கூடத்தில் இல்லை. எதிர்வீட்டில் இருந்தார்.

நம் தெருவுக்கு அவர் யார் என்று தெரியும். வெளியூர் நண்பர்களுக்குச் சொல்கிறேன். முஸ்யே என்றால் பிரெஞ்சில் ஐயா. ரிச்சர்ட் பழைய சொல்தா. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். 'ஓ ஸெகூர்' என்ற குரலைக் கேட்டால் எழுந்து ஓட வேண்டும் என்று இளமையில் பழக்கப்பட்ட உடம்பு. முழங்காலுக்கு வயதாகிவிட்டது. பழக்கத்துக்கு ஆகவில்லை. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு, கைத்தடியை எடுத்துக்கொண்டு, தெருவைக் கடந்து வந்தார்.

நம் மன்றத்தின் வழக்கத்தையும் நீங்கள் அறிவீர்கள். அகலமான சுவர் வேறு இல்லாததால், தெருக்கதவை ஒட்டித்தான் திரை கட்டுவோம். தொடங்கிய நாளிலிருந்து அப்படித்தான். அவர் கதவைத் தள்ளினார். எதிரே துணி. துணிக்கு அந்தப் பக்கம் ஒரு குழந்தை அலறுகிறது. என்ன செய்வார்? தடியைச் செருகினார், கிழித்தார், உள்ளே வந்தார். புரொஜக்டர் வெளிச்சம் முழுக்க அவர் மேல் விழுந்தது. அந்தக் குடும்பத்தின் வரவேற்பறை நடுவே, அந்த இரண்டு அயோக்கியர்களுக்கும் இடையே, லுங்கி கட்டிய நம் ரிச்சர்ட் தடியை ஓங்கிக்கொண்டு நின்றார். "எங்கடா அவனுங்க?" என்றார். "புள்ள எங்க?"

நாம் என்ன பதில் சொன்னோம்? வழக்கறிஞரே, தீர்மானத்தில் அது விடுபட்டிருக்கிறது. நான் சேர்த்துக்கொள்கிறேன். "யோவ் பெருசு, உக்காருய்யா, மறைக்குது!" என்றோம். விசில் அடித்தோம். கை தட்டினோம். அந்தப் படம் முழுக்க நாம் ஒருமுறைகூட எழுந்து நிற்கவில்லை. அவரைக் கைப்பேசியில் பிடிக்கத்தான் எழுந்து நின்றோம்.

பின்வரிசையில் ஒரு தம்பி கேட்கிறார்: "முடிவு இன்னா சார்? நாங்க பாக்கலியே!" சொல்கிறேன் தம்பி. சற்றுப் பொறு.

இந்தக் கூட்டத்துக்கான அழைப்பைக் கொடுக்க அவர் வீட்டுக்கு நான்தான் போனேன். மாலையில் கடற்கரைக்கு நடந்து போகிறவர், போவதில்லை. வாசலில் உட்காருகிறவர், உட்காருவதில்லை. என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "அந்தப் பொண்ணுக்கு இன்னா ஆச்சு?" சான்றோர்களே, அந்த வாரம் முழுக்கப் படத்தைப் பற்றி எத்தனையோ பேர் என்னிடம் கேட்டார்கள். அந்தப் பெண்ணைப் பற்றிக் கேட்டவர் அவர் மட்டுமே.

நான் கிளம்பும்போது அவர் மனைவி அகஸ்டினா அம்மையார் வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பக்கத்து வீட்டுத் தனக்கொடி விஷயம் தெரியுமா சார்? முந்தாநாளு நான் மீன் வாங்கப் போயிருந்தேன். அது தோட்டத்துல வழுக்கி விழுந்து கத்தியிருக்கு. இவருக்குக் காதுல உழுந்திருக்கு. 'சினிமாவா இருக்கும்னு உக்காந்துட்டேன்'ங்கறாரு. நான் திரும்பி வந்தப்பவும் அது முனகிக்கினே கெடந்துது."

தனக்கொடி அம்மாள் இங்கேதான் இருக்கிறார். அம்மா, நீங்கள் யாரை நம்பிக் கத்தினீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள்.

கேட்டீர்களா? "முஸ்யே வருவாருன்னுதான் கத்துனேன். எங்க தெருவுல யாருக்கு இன்னான்னாலும் அவருதான் மொதல்ல வருவாரு" என்கிறார்.

வரவில்லை. வாழ்நாளில் முதல்முறையாக அவர் வரவில்லை. அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்தது யார்? பட்டாளம் கற்றுக்கொடுத்ததா? முதுமை கற்றுக்கொடுத்ததா? இந்தக் கூடத்தின் சிரிப்பு கற்றுக்கொடுத்தது. ஒரே மாலையில் அவரை நம்மைப்போல ஆக்கிவிட்டோம். குரல் கேட்கும், கூப்பிடுவது புரியும், நாற்காலியில் இருந்து எழத் தோன்றாது. அதற்குப் பெயர் ரசனை.

இப்போது முடிவு, தம்பி. படத்தை வாங்கிப் போய் வீட்டில் பார்த்தேன். பொழுது விடிகிறது. அந்தப் பெண் கடைசியாக ஒருமுறை கத்துகிறாள். எதிர்வீட்டுக்காரர் சன்னலருகே வருகிறார். நிற்கிறார். கேட்கிறார். பிறகு சன்னலை மூடிக்கொள்கிறார். படம் முடிகிறது.

தமிழ்மாறன் அவர்கள் அந்த முடிவைப் பார்க்காமலேயே தம் தீர்மானத்தில் இரண்டாவது கோரிக்கையாக எழுதிவிட்டார். அவருடைய கற்பனை வளத்தை வியக்கிறேன். தீர்மானத்தை எதிர்க்கிறேன்.

ஆம், எதிர்க்கிறேன். மன்னிப்புக் கேட்க வேண்டியவர் முன்வரிசையில் இல்லை. அவருக்குப் பின்னால் வரிசை வரிசையாக இருக்கிறோம். மேடையிலும் இருக்கிறோம்.

முஸ்யே ரிச்சர்ட் அவர்களே, சற்று நிமிர்ந்து பாருங்கள். நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று நான் பதில் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். அந்தப் படம் எத்தனையோ ஊர்களில் ஓடியிருக்கும். எல்லா ஊரிலும் அந்தப் பெண் கத்தியிருப்பாள். எல்லா ஊரிலும் கடைசியில் சன்னல் மூடியிருக்கும். இந்த ஊரில் மட்டும் ஒருவர் அந்த வீட்டுக்குள் போனார். திரை கிழிந்தது, படம் நின்றது, அவள் அலறலும் நின்றது. அன்று மாலை நீங்கள் வந்த பிறகு அவளை யாரும் அடிக்கவில்லை, ஐயா.

இனி எங்கே சத்தம் கேட்டாலும் வாருங்கள். சினிமாவாக இருந்தால் இருக்கட்டும். இன்னொரு திரை கட்டிக்கொள்வோம். தலைவர் அவர்களே, வாக்கெடுப்புக்குக் கை தூக்கச் சொல்வதற்கு முன்னால், அந்தத் தெருப்பக்கச் சன்னல்களை யாராவது எழுந்து போய்த் திறக்கச் சொல்லுங்கள். பேசிப் பேசிப் புழுங்குகிறது.

பொறுமையோடு கேட்ட பெரியோருக்கும், வலியோடு வந்த தனக்கொடி அம்மாளுக்கும், முதலில் எழுந்துபோய்ச் சன்னலைத் திறக்கப்போகும் அந்த ஒருவருக்கும் என் நன்றி. வணக்கம்.